எந்தக் கணினி நம்பகமானது? பெயரைப் பார்த்தால் போதுமா?



எனக்கு முன் பேசிய இருவரும், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கணினி தேவையா, கைப்பேசியே போதுமா என்று வாதிட்டார்கள். நான் அந்த வாதத்துக்குள் போகவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட குடும்பத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். நிகழ்ச்சி அறிவிப்பாளர் என்பதால் கோயில் திருவிழாவில் பார்த்தாலும், கல்யாண வீட்டில் பார்த்தாலும் நேயர்கள் என்னை நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள்: "எந்த பிராண்ட் கம்ப்யூட்டர் நல்லது? பேரை மட்டும் சொல்லுங்க, போய் வாங்கிடுறோம்."

பெயரைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பெயரை மட்டும் நம்பிப் போன ஒருவருக்கு என்ன நடந்தது என்பதை முதலில் கேளுங்கள்.

பந்திங் பக்கம் ஒரு தாயார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. நான்காம் படிவம் படிக்கும் மகளுக்காகச் சீட்டு எடுத்து, 2024-ஆம் ஆண்டு இறுதியில் 900 ரிங்கிட்டுக்கு ஒரு மேசைக் கணினி வாங்கினார். கடையில் அவர் கேட்டது, "பாஸ், இது நல்ல பிராண்டா?" என்பதுதான். "டெல், ஆப்டிபிளெக்ஸ் 7010, ஐ5" என்று பதில் வந்தது. கூடப் போயிருந்த தம்பி கைப்பேசியில் தேடிப் பார்த்தார். அந்த மாடலை எல்லாரும் பாராட்டி எழுதியிருந்தார்கள். விலையும் பாதிக்கும் குறைவாகத் தெரிந்தது. வாங்கிவிட்டார்கள்.

கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. அது டெல்தான். ஆப்டிபிளெக்ஸ் 7010-தான். ஐ5-தான். ஆனால் டெல் நிறுவனம் 7010 என்ற அதே எண்ணை இரண்டு முறை பயன்படுத்தியிருக்கிறது. 2012-இல் ஒரு 7010 வந்தது. 2023-இல் மீண்டும் ஒரு 7010 வந்தது. தம்பி படித்த பாராட்டு 2023-இல் வந்ததற்கு. அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்தது 2012-இல் வந்தது. உள்ளே இருந்த செயலி ஐ5-3470, அதாவது மூன்றாம் தலைமுறை. ஏதோ ஓர் அலுவலகம் உழைத்து ஓய்வு கொடுத்து அனுப்பிய இயந்திரம். மூன்றாவது மாதம் திரை எழவே இல்லை. கடை கொடுத்த உத்தரவாதம் ஒரு மாதம். மகள் நாட்டு நடப்புப் பயிற்சியை மறுபடியும் அம்மாவின் கைப்பேசியில்தான் செய்து முடித்தாள்.

நல்ல பிராண்டு என்ற பதில் உண்மையாக இருந்தும் அந்தக் குடும்பத்துக்கு அது உதவவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பெட்டிக்கு மேலே ஒரு பெயர், உள்ளே பல பெயர்கள்

ஒரு மேசைக் கணினியைத் திறந்து பாருங்கள். வெளியே டெல் என்றோ, எச்பி என்றோ, லெனோவோ என்றோ, ஏசர் என்றோ எழுதியிருக்கும். உள்ளே செயலி இண்டெல் அல்லது ஏஎம்டி தயாரித்தது. வன்தட்டு இருந்தால் அது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றில் ஒன்று. உலகத்தில் வன்தட்டு செய்பவர்கள் இந்த மூவர்தான். நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதி சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகியோருடையது. பொருத்தி முடிப்பது கூடப் பல சமயம் ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்தத் தொழிற்சாலைகள். நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இண்டெல் 1972-ஆம் ஆண்டிலேயே பினாங்கில் கால்வைத்துவிட்டது. உங்கள் வீட்டுக் கணினியின் இதயம் பாயான் லெப்பாசில் சோதிக்கப்பட்டதாக இருக்கலாம்.

அந்தப் பெயர்களே கூட நிலையாக நிற்பதில்லை. 1981-இல் பிசி என்பதை உலகுக்குக் கொடுத்த ஐபிஎம், 2005-இல் தன் கணினிப் பிரிவை லெனோவோவுக்கு விற்றுவிட்டது. ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த காம்பேக்கை 2002-இல் எச்பி வாங்கிக்கொண்டது. கேட்வேயை 2007-இல் ஏசர் வாங்கியது. "எங்கப்பா காலத்திலிருந்து ஐபிஎம்தான்" என்று சொல்லும் பெரியவர்களைப் பார்க்கிறேன். அப்பா வாங்கிய நிறுவனம் இப்போது வீட்டுக் கணினி விற்பதே இல்லை.

பெயர் பெற்ற நிறுவனம் தவறே செய்யாது என்று நினைப்பவர்கள் 2003 முதல் 2005 வரை நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டில் சிறு சிறு உருளைகள் நிற்கும். கெப்பாசிட்டர் என்று பெயர். மின்சாரத்தைத் தேக்கி, சீராக்கிக் கொடுப்பவை. அந்த ஆண்டுகளில் வந்த கெப்பாசிட்டர்களில் ஏராளமானவை பழுதானவை. சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகளிலோ தலை வீங்கி, திரவம் கசிந்து, கணினி படுத்துவிடும். டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் வரிசையில் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 மாடல்கள் மிக மோசமாக அடிபட்டன. அவற்றைச் சரிசெய்ய டெல் 2005-இல் 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்கியது. பிறகு வழக்கு வந்தது. வழக்கின் ஆவணங்கள் 2010-இல் வெளியானபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. டெல் நிறுவனத்துக்காக வாதாடிய சட்ட நிறுவனத்திலேயே ஏறக்குறைய 1,000 கணினிகள் சந்தேகத்துக்குரியவையாக இருக்க, அவற்றைச் சரிசெய்து கொடுக்கவும் டெல் தயங்கியிருக்கிறது. சொந்த வக்கீலுக்கே அந்தக் கதி! டெல்லை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அதே காலத்தில் ஆப்பிளின் ஐமேக் ஜி5 கணினிக்கும் அதே நோய் வந்தது. வேறு நிறுவனங்களும் தப்பவில்லை.

அண்மைய உதாரணம் வேண்டுமா? 2024-இல் இண்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள், குறிப்பாக ஐ7, ஐ9 வகைகள், காரணமில்லாமல் தடுமாறி நின்றன. செயலிக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தம் போனதுதான் கோளாறு என்று இண்டெல் ஒப்புக்கொண்டது. திருத்த மென்பொருள் வெளியிட்டு, பெட்டியில் விற்ற செயலிகளுக்கான உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பெட்டிக்கு மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே அந்தச் செயலி இருந்தால் இந்தத் தொல்லை வரலாம். அந்தத் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர்கள் உங்கள் பயோஸ் புதுப்பிக்கப்பட்டுவிட்டதா என்று கடையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த சான்று. பேக்பிளேஸ் என்று அமெரிக்காவில் ஒரு நிறுவனம். மற்றவர்களின் கோப்புகளைச் சேமித்து வைப்பது அவர்கள் தொழில். ஆயிரக்கணக்கான வன்தட்டுகளை இரவு பகலாக ஓட்டுகிறார்கள். எது எப்போது செத்தது என்ற கணக்கை 2013 முதல் ஊருக்கே வெளியிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சீகேட்டின் ஒரு 3 டெராபைட் மாடல் கொத்துக் கொத்தாக விழுந்தது. அதே சீகேட்டின் 4 டெராபைட் மாடல் நன்றாகவே உழைத்தது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த இரண்டு மாடல்கள். "சீகேட் நல்லதா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா?

உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. கணினி பழுதாகாமல் இருப்பதற்குப் பெயர் உறுதி தராது. பழுதான பிறகு யார் வருவார், எத்தனை நாளில் வருவார், பாகம் கிடைக்குமா என்பதைப் பெயர் தீர்மானிக்கிறது. அதிலும் நிறுவனத்தின் பெயரை விட, நிறுவனத்துக்குள் எந்த வரிசை என்பதுதான் பெரிது.

பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இரண்டு விதமான கணினிகளைச் செய்கின்றன. வீட்டுக்காரர்களுக்கு ஒன்று, அலுவலகங்களுக்கு இன்னொன்று. எச்பியில் பெவிலியன் வீட்டுக்கு, புரோடெஸ்க், எலைட்டெஸ்க் என்று விற்றவை அலுவலகத்துக்கு. லெனோவோவில் ஐடியாசென்டர் வீட்டுக்கு, திங்க்சென்டர் அலுவலகத்துக்கு. ஏசரில் அஸ்பயர், வெரிட்டன். டெல்லில் இன்ஸ்பிரோன், ஆப்டிபிளெக்ஸ். டெல் 2025-இல் ஆப்டிபிளெக்ஸ் என்ற பெயரைக் கைவிட்டு டெல் புரோ என்று மாற்றியது.

பேரங்காடியில் பளபளப்பாக அடுக்கி வைத்திருப்பது வீட்டு வரிசை. அலுவலக வரிசை பார்ப்பதற்குக் கறுப்புப் பெட்டி, அழகே இல்லை. ஆனால் ஒரு வங்கி ஒரே சமயத்தில் ஆயிரம் கணினி வாங்கும். ஒரு மாடலில் கோளாறு என்றால் அந்த வங்கி அடுத்த முறை வேறு இடம் போய்விடும். அதனால் நிறுவனம் அங்கே கவனமாக இருக்கிறது. ஒரே மாடலை நீண்ட காலம் விற்கிறது, பாகங்களை நீண்ட காலம் வைத்திருக்கிறது. திருகாணி கூட இல்லாமல் திறக்கும்படி பெட்டியை அமைக்கிறது. எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்ற கையேட்டை இணையத்தில் இலவசமாகப் போடுகிறது. உத்தரவாதமும் பெரும்பாலும் மூன்று ஆண்டு, அதுவும் பழுது பார்ப்பவர் நம் இடத்துக்கே வருவது. வீட்டு வரிசையில் பல சமயம் நாம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேவை மையத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூரில் இருப்பவருக்கு அது அரை நாள் வேலை. சுங்கை சிப்புட்டிலோ, கூலிமிலோ இருப்பவருக்கு ஒரு நாள் சம்பளம், பெட்ரோல், டோல் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டில் கணினி திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்றால், டெல், எச்பி, லெனோவோ மூன்றில் எதன் சேவை மையம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதன் அலுவலக வரிசையில் சாதாரண ஐ5 அல்லது ரைசன் 5 கணினியை, வீட்டுக்கே வந்து பார்க்கும் உத்தரவாதத்தோடு வாங்குங்கள். மூன்றுக்குள் எது உயர்ந்தது என்று அடித்துக்கொள்வதில் பயனில்லை. "அமெரிக்காவில் இத்தனை பேர் இதைச் சிறந்தது என்று சொன்னார்கள்" என்ற ஆய்வுகளும் நமக்கு உதவாது. அங்கே தொலைபேசி எடுப்பவர் வேறு, இங்கே எடுப்பவர் வேறு.

லோ யாட் பிளாசாவில் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்ளலாமே என்று இளைஞர்கள் கேட்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். அதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. எல்லாப் பாகமும் பொது அளவு. பெரிய நிறுவனங்களின் பெட்டிகளில் மின்வழங்கியும் மதர்போர்டும் அவர்களுக்கென்றே செய்த அளவில், அவர்களுக்கென்றே செய்த பிளக்குகளோடு இருக்கும். உத்தரவாதம் முடிந்தபின் மின்வழங்கி போனால் பக்கத்துக் கடையில் வேறொன்று வாங்கி மாட்ட முடியாது. பூட்டிய கணினியில் முடியும். மதர்போர்டுக்கு மூன்று ஆண்டு, நல்ல மின்வழங்கிக்கு ஐந்து ஆண்டுக்கு மேல், நினைவகத்துக்கு ஆயுள் முழுக்க என்று உத்தரவாதமும் தனித்தனியாக வரும். தொல்லை எங்கே என்றால், கணினி எழவில்லை, எந்தப் பாகம் போயிற்று என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. நினைவகக் கடைக்காரர் மதர்போர்டைக் கை காட்டுவார், மதர்போர்டுக்காரர் மின்வழங்கியைக் கை காட்டுவார். வீட்டில் தெரிந்த பிள்ளை ஒருவன் இருந்தால் இது விளையாட்டு. இல்லாவிட்டால் தலைவலி. பூட்டுவதாக இருந்தால் ஒன்றே ஒன்றில் கஞ்சத்தனம் செய்யாதீர்கள். பெட்டியோடு இலவசமாக வரும் இலேசான மின்வழங்கியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 80 பிளஸ் முத்திரை உள்ள நல்லதாகத் தனியாக வாங்குங்கள். மட்டமான மின்வழங்கி தான் போகும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அலுவலகத்திலிருந்து வந்த பழைய கணினி

நம் மக்களில் பலர் வாங்குவது இதைத்தான். ரீகண்டிஷன் கணினி. வங்கிகளும் பெரிய நிறுவனங்களும் குத்தகை முடிந்தபின் தள்ளிவிடுபவை. இதை நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். மூன்று, நான்கு ஆண்டு உழைத்த ஒரு திங்க்சென்டர், அதே விலைக்குக் கிடைக்கும் புதிய மலிவுக் கணினியை விடப் பல சமயம் நன்றாக இருக்கும். ஆரம்பத்திலேயே கெட்டுப்போக வேண்டியவை அலுவலகத்திலேயே கெட்டுப்போய் மாற்றப்பட்டிருக்கும். ஆனால் வயதைப் பார்க்க வேண்டும். இங்கேதான் அந்தத் தாயார் ஏமாந்தார்.

வயதைப் பார்க்கும் வழி எளிது. எழுதிக்கொள்ளுங்கள். இண்டெல் செயலியின் பெயரில் ஐ5-க்குப் பின்னால் ஒரு கோடும் ஓர் எண்ணும் இருக்கும். எண்ணின் முதல் பகுதி தலைமுறை. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை. ஐ5-6500 என்றால் ஆறு. ஐ5-8500 என்றால் எட்டு. ஐந்து இலக்கமாக 10500 என்றிருந்தால் பத்து, 12400 என்றிருந்தால் பன்னிரண்டு. கடைக்காரர் "ஐ5" என்று மட்டும் சொன்னால், "ஐ5-க்குப் பின்னால என்ன நம்பர், பாஸ்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் அவருக்கும் புரிந்துவிடும்.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. தனியாகப் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு கொடுத்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இண்டெலில் எட்டாம் தலைமுறை முதல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லுடன் இருக்க வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 3000 வரிசையிலிருந்து பாருங்கள். சில கடைகளில் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றி விற்கிறார்கள். ஓடும். ஆனால் அதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்கவில்லை. அந்தக் கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் அனுப்பப் போகிறீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பழைய கணினி வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மிண்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றினால் தட்டச்சு, இணையம், கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் ஓடும். அந்தத் தாயாருக்கும் கடைசியில் அப்படித்தான் உதவினார்கள். வேறொரு பழைய மதர்போர்டை மாட்டிக் கொடுத்த நல்ல மனிதர் ஒருவர் லினக்ஸையும் ஏற்றிக் கொடுத்தார்.

கணினியின் பின்புறமோ, மேல்புறமோ ஒரு வரிசை எண் ஒட்டியிருக்கும். டெல்லில் அது ஏழு எழுத்துகள், சர்வீஸ் டேக் என்பார்கள். பணம் கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே, கைப்பேசியில் அந்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். உத்தரவாதம் எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது, எந்த நாட்டில் விற்றது என்று வந்துவிடும். புதியது என்று விற்கும் பெட்டியில் உத்தரவாதம் இரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கியிருந்தால், வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம்.

வன்தட்டின் வயதையும் பார்க்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள். வன்தட்டு மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். கணக்குப் போடுங்கள். அலுவலகக் கணினி நாளுக்கு 8 மணி, ஆண்டுக்கு 250 நாள் என்றால் ஓராண்டுக்கு 2,000 மணி. ஐந்து ஆண்டுக்கு 10,000. ஆண்டு முழுதும் நிறுத்தாமல் ஓடினால் 8,760. ஆக, "ஐந்து வருஷ ஆபீஸ் செட்" என்று விற்கப்படும் கணினியில் 40,000 மணி என்று காட்டினால், அது இரவு பகலாக ஓடியிருக்கிறது. கண்காணிப்புக் கேமராவுக்கோ, சர்வராகவோ உழைத்திருக்கலாம். புதிய எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது. ஆனால் எஸ்எஸ்டி மாற்றியிருப்பது நல்லதுதான். பழைய வன்தட்டோடு இருந்தால் எஸ்எஸ்டி போட்டுக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பழைய கணினி வேகமாவதற்கு அதை விடச் சிறந்த மருந்து இல்லை. நினைவகம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் விலை ஏறியது. அதனால் 8 ஜிபியோடு வாங்குவதானால், பின்னால் கூட்டிக்கொள்ள ஒரு துளை காலியாக இருக்கிறதா என்றாவது பாருங்கள்.

மின்னலைப் பற்றி இரண்டு வார்த்தை. உலகத்தில் இடி மின்னல் அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. எந்தப் பிராண்டும் மின்னலைத் தாங்காது, எந்த உத்தரவாதமும் மின்னலுக்குச் செல்லாது. ஸ்திரீமிக்ஸ் காலத்தில் தொலைபேசிக் கம்பி வழியாகவே மின்னல் வந்து மோடத்தையும் கணினியையும் சேர்த்து எரித்த கதை பல வீடுகளில் உண்டு. இன்றைக்கு ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் மின்கம்பி கடத்தும். மழை இருட்டினால் இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். நல்ல யூபிஎஸ் ஒன்று வைப்பது இன்னும் நல்லது. கணினியைத் தரையில் வைக்காதீர்கள், எறும்பும் பல்லியும் குடியேறும். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் திருநீற்றுத் தூளும் காற்றாடிக்குள் போய் அடையாகப் படிந்திருப்பதைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். சிரிக்காதீர்கள், காற்றாடி சுற்றாமல் போனால் செயலி சூடேறும்.

கடைசியாக ரசீது. "கணினி ஒரு செட், 1,800 ரிங்கிட்" என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள். மாடல், செயலியின் முழு எண், நினைவகம், எஸ்எஸ்டி அளவு, வரிசை எண், புதியதா பழையதா, உத்தரவாதம் எத்தனை மாதம், கடையுடையதா நிறுவனத்துடையதா, இவையெல்லாம் எழுதி முத்திரை போடச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடை பின்னால் பழுது பார்க்கவும் மறுக்கும். வருமான வரி கட்டுபவர்கள் ரசீதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தொழிலுக்கு அல்லாமல் வீட்டுக்கு வாங்கும் கணினி, ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரி விலக்கில் சேரும்.

அந்த ரசீதுக்கு இன்னொரு பலமும் உண்டு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வருணனைக்குப் பொருந்த வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சுவரில் எழுதி ஒட்டுவதால் அந்தப் பொறுப்பு போய்விடாது. கடை கையை விரித்தால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்தால் போதும். இணையத்தில் வாங்கிய பொருளுக்கும் இது உண்டு.

பந்திங் தாயாரின் ரசீதில் "டெல் ஐ5, 1 செட்" என்று மட்டும்தான் இருந்தது. மனுச் செய்யலாம் என்று சொன்னபோது, எதைக் காட்டி "பழையதைப் புதியது போல் விற்றார்கள்" என்று சொல்வது என்று அவர் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

நேயர்களின் தொலைபேசி அழைப்புகள் காத்திருப்பதாகத் தயாரிப்பாளர் சைகை காட்டுகிறார். மாடல் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழைத்தவர்கள் முதலில் பேசட்டும். இயன்ற வரை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.